செறுவிளைக்காரரைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தோம்

நூறு ரூபாய்ச் சாமானை ஒருவன் அறுபது ரூபாய்க்குத் தருகிறான் என்றால், ஒன்று அவனுக்கு ஏதோ அவசரம், இல்லையென்றால் சாமானில் ஏதோ கேடு என்று நான் சொன்னேன். புஷ்பபாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூணாவது ஒண்ணு உண்டு சரசம்மா. அப்படி ஒரு சாமான் அங்க கெடக்குண்ணு யாரும் திரும்பிப் பாக்கல்ல."

சொல்லும்போதே அவள் குரல் மேலே ஏறிவிட்டது. கையில் இருந்த போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு அதில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

அமரவிளையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நான் தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு நான் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினேன், அவள் பங்குச்சந்தை பார்க்கத் தொடங்கினாள். என் செடி பூத்தால் நான் மதிலுக்கு மேலே அவளைக் கூப்பிடுவேன். அவளுடைய பங்கு ஏறினால் அவள் என்னைக் கூப்பிடுவாள். இறங்கினால் கூப்பிடமாட்டாள், ஜெபம் பண்ணுவாள்.

இந்த முறை அவளைப் பிடித்து ஆட்டியது செறுவிளை இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற கம்பெனி. நமக்குப் பக்கத்தில், செங்கல் ஊரில் இருக்கும் செறுவிளை வீட்டாருடையது. ரப்பர் வியாபாரத்தில் வந்த பணத்தை வைத்து அப்பா தொடங்கியது. இப்போது மகன் சுவாமிதாஸும் மகள் கனகபாயும் சேர்ந்து நடத்துகிறார்கள். அது எதையும் செய்து விற்கிற கம்பெனி இல்லை. மற்ற பெரிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதுதான் அதன் தொழில். அதோடு நெய்யாற்றின்கரையில் வாடகைக்கு விட்ட ஒரு கட்டிடம், பாங்கில் கொஞ்சம் ரொக்கம். கடன் இல்லை. இருப்பதையெல்லாம் கூட்டி, கம்பெனியின் பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கு நூற்றுப்பத்து ரூபாய் வருகிறது. சந்தையிலோ அதே பங்கு அறுபத்துநாலு ரூபாய்க்குக் கிடக்கிறது.

அப்படியானால் அறுபத்துநாலுக்கு வாங்கி, கம்பெனியிடமே கொடுத்து நூற்றுப்பத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அது அடச்ச கதவாக்கும். உள்ள கெடக்க பைசாவ கம்பெனி திருப்பித் தராது. உனக்கு வெளிய வரணும்ணா இன்னொருத்தியக் கண்டுபிடிச்சு அவகிட்ட விக்கணும். அவ அறுபத்துநாலுதான் தருவேன்னா அறுபத்துநாலுதான்."

பிறகு நமக்கு என்ன லாபம் என்று விடாமல் கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். நூற்றுப்பத்து ரூபாய்ச் சொத்து சம்பாதிக்கிற லாபப்பங்கு, அறுபத்துநாலு ரூபாய் போட்ட நமக்கு வரும். சொத்து வளர்ந்தால் நம் பங்கும் கூடவே வளரும். என்றைக்காவது சொத்தையெல்லாம் விற்றால் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டுமே என்று அதையும் கழித்துப் பார்த்திருந்தாள். கழித்தும் தொண்ணூற்றெட்டு நின்றது. நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் சம்பளம் ஒரு பாங்க் மேனேஜர் சம்பளம்கூட இல்லை. அண்ணன் தங்கை இரண்டு பேருடைய சொந்தப் பணமும் அதே கம்பெனியில்தான் கிடக்கிறது. பாதிக்கு மேல் அவர்களுடைய பங்கு. நம் பைசா முங்கினால் அவர்கள் பைசாவும் கூடவே முங்கும். இதைச் சொன்னபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவளுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். பனச்சமூட்டுப் பக்கத்தில் இருந்த ரப்பர் விளையை விற்ற பணம் பாங்கில் சும்மா கிடந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகன் எபின் அதைக் கழக்கூட்டத்தில் ஒரு பிளாட்டுக்குக் கட்டலாம் என்று தினமும் கூப்பிட்டான். மாசக் கடைசி வரைக்கும் பொறு, அதைவிட நல்லதாக நான் ஒன்று கண்டுபிடிக்காவிட்டால் அனுப்பித் தருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அப்பா சொன்ன இடத்தில் பணம் போட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் சொன்ன, கொள்ளை வட்டி தருகிற பிளேடு கம்பெனியில் போட்டாள். அந்தக் கம்பெனி பூட்டிய அன்றைக்கு வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் அவளோடு நின்றேன். இப்போது மகன் முறை.

"இது ஒண்ணாவது எனக்கத் தீர்மானமா இருக்கட்டும் சரசம்மா. செரியோ தப்போ, எனக்கதா இருக்கட்டும்."

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவளுக்கு இடித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுவாமிதாஸ் தன் சொந்தப் பங்கில் ஒரு பகுதியை விற்றிருந்தார். விற்றது எல்லாரும் பார்க்கிற கணக்கில் இருந்தது, எதற்காக விற்றார் என்பது எங்கேயும் இல்லை. நூறுக்கு மேல் மதிப்பு என்று எல்லாரையும் விட நன்றாக அறிந்த மனுஷன், ஐம்பத்தெட்டு ரூபாய்க்கு ஏன் விற்றான்? உள்ளே ஏதோ கேடு இருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. அரை நிமிஷம்கூட இல்லை, மறுபடி மலர்ந்தது.

"செங்கல் என்ன லண்டனா? உதியன்குளங்கரையில இருந்து ஆட்டோ பிடிச்சா போயிரலாம். நேரா போய் விசாரிச்சிருவோம்."

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால் எல்லாரும் செய்வது இதுதான். முக்கில் உள்ள சாயக்கடை, பக்கத்து வீடு, கோவிலோ சபையோ எதுவோ அங்கே ஓர் ஆள். மூன்று இடத்தில் கேட்டால் குடும்பம் கண்ணாடி மாதிரி தெரிந்துவிடும். அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்துகிற பட்டுக்கரைச் சேலையை உடுத்தினாள். நானும் நல்லதாக ஒன்று உடுத்துக்கொண்டேன். விசாரிக்கப் போகிறவர்கள் மரியாதையாக இருக்க வேண்டும் என்றாள்.

செங்கலில் மகேஸ்வரம் கோவிலுக்கு வந்த வெளியூர் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அதைத் தாண்டி, செறுவிளை வீட்டுக்குத் திரும்பும் முக்கில் செல்லசாமியின் சாயக்கடை. சாயா குடித்துக்கொண்டே புஷ்பபாய் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுவாமிதாஸ் என்ன மாதிரி ஆள், குடி உண்டா, கடன் உண்டா, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்துப்போகுமா. செல்லசாமி கண்ணாடி கிளாஸைத் துடைத்துக்கொண்டே தங்கமான மனுஷன் என்றார். சாயா தவிர எதையும் தொடமாட்டார், கடன் என்ற பேச்சே இல்லை, அண்ணனும் தங்கையும் ஒரே இலையில் சாப்பிடுகிற மாதிரி.

பக்கத்து வீட்டு ரேஷ்மி எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எலுமிச்சை பிழிந்து நாரங்காவெள்ளம் கலக்கித் தந்தாள். அவள் சொன்னதும் தங்கம்தான். நாங்கள் கேட்காமலேயே சுவாமிதாஸின் மகன் அனூஜைப் பற்றியும் சொன்னாள். டெக்னோபார்க்கில் வேலை, சத்தமாகப் பேசக்கூட மாட்டானாம். சபைக்கமிட்டியில் உள்ள ஷாஜியைப் போய்ப் பார்த்தோம். அவர் தங்கத்தோடு நிற்கவில்லை, வைரம் வரைக்கும் போனார்.

திரும்பி நடக்கும்போது புஷ்பபாய்க்குக் கால் தரையில் படவில்லை. மூன்றில் மூன்று என்றாள். நாளைக்கே வாங்கிவிடலாம் என்றாள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்திற்று. ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷம் இருந்திருக்கிறேன். எங்கே தொட்டாலும் வலியில்லை என்கிற நோயாளியைத்தான் டாக்டர் இரண்டாவது தடவை அமுக்கிப் பார்ப்பார்.

"எட்டி புஷ்பம், ஒரு குத்தமும் இல்லாத மனுஷன் உண்டுமா? ஒனக்க வீட்டுக்காரரப் பத்தி நான் எத்தன சொல்லியிருக்கேன். எனக்கவரப் பத்தி நீ எத்தன சொல்லியிருக்க."

அவள் பதில் சொல்வதற்குள் சாயக்கடைக்கு வந்துவிட்டோம். ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது செல்லசாமி மெதுவாக எங்கள் பக்கம் சாய்ந்தார்.

"பெண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு சேச்சி?"

எந்தப் பெண்ணு என்று கேட்டோம்.

"அனூஜுக்குப் பேச வந்த பெண்ணுதான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டுக்கரைச் சேலையில் இரண்டு பெண்கள், குடி உண்டா கடன் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டால் ஊர் வேறு என்ன நினைக்கும்? எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்களிடம் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லி அந்தச் சம்பந்தம் நின்றுபோனால் சொன்னவனுக்குக் கல்யாணம் முடக்கி என்று பெயர் விழுந்துவிடும். சாகும்வரை அந்தப் பெயர் போகாது. பிறகு அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரன் வரும்போது மற்றவர்கள் பழி வாங்குவார்கள். ஆகவே கேட்கிற இடமெல்லாம் தங்கம்தான். நாங்கள் காலையிலிருந்து சேர்த்த தங்கத்தில் ஒரு குந்துமணிக்கும் மதிப்பில்லை.

புஷ்பபாய் பெஞ்சில் உட்கார்ந்தே போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமும் இல்லை ஒன்றும் இல்லை, அவர்கள் கம்பெனியில் பங்கு வாங்கலாமா என்று பார்க்க வந்தோம் என்று நானே செல்லசாமியிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து எங்கள் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இத நேரத்தே சொல்லப்பிடாதா? அந்த ஆளப் போல ஒரு கருமி இந்தப் பஞ்சாயத்துல உண்டா?"

பிறகு மடை திறந்தது. கார் வாங்கிப் பல வருஷமாயிற்று, கதவைக் கயிறு போட்டுக் கட்டாத குறைதான், மாற்றமாட்டார். கனகபாயின் வீட்டுக்காரர் காண்டிராக்டர். அவர் செறுவிளைக் கம்பெனியிலிருந்து கொஞ்சம் பணம் கடனாகக் கேட்டார். சொந்தத் தங்கையின் வீட்டுக்காரர் என்றுகூடப் பார்க்காமல் சுவாமிதாஸ் முடியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த மனுஷன் கிறிஸ்துமஸுக்கு செறுவிளை வீட்டுப் படி ஏறுவதில்லை. சபைக் கட்டிடத்துக்குக் கம்பெனி பெயரில் பெரிய தொகை எழுதுங்கள், கல்லில் பெயர் போடுகிறோம் என்று கமிட்டி கேட்டது. கம்பெனிப் பணம் எனக்கு உள்ளதில்லை என்று சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். தங்கை மகனுக்கு ஆபீசில் ஒரு நாற்காலி கேட்டார்கள், அதுவும் கிடையாது. ஆண்டுக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பிரியாணி இல்லை, சாயாவும் பிஸ்கட்டும்தான்.

ஒவ்வொன்றும் விழ விழ புஷ்பபாய் பெஞ்சிலிருந்து நிமிர்ந்துகொண்டே வந்தாள். இன்னும் உண்டா, இன்னும் சொல்லுங்க என்று கேட்டாள். இந்தச் சேச்சிக்குக் குறை கேட்பதில் இத்தனை ருசியா என்று செல்லசாமி நினைத்திருப்பார்.

"மக்கா சரசம்மா, கேட்டியா? ஊருக்கு எதெல்லாம் குத்தமோ அதெல்லாம் நமக்குக் குணமாக்கும்."

ஆனால் சொந்தப் பங்கை ஏன் விற்றார் என்பது செல்லசாமிக்கும் தெரியவில்லை. ஆட்டோவில் அவளுக்கு மறுபடி அதே உறுத்தல். கருமி எதையும் லேசில் விற்கமாட்டானே, அதையும் நஷ்டத்தில் விற்பானா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பைசா போடமாட்டேன் என்றாள். மாசக் கடைசிக்கு அதிகநாள் இல்லை.

பதில் தானாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஆராதனை முடிந்து வந்த கையோடு மதிலுக்கு மேலே என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஒரே வெப்ராளம், பதற்றம். நான் ஓடிப்போனேன். முற்றத்தில் நிறம் மங்கிய ஒரு பழைய கார். அதிலிருந்து வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவரும், கையில் அல்வாப் பொதியோடு ஓர் அம்மாவும் இறங்கினார்கள், சுவாமிதாஸும் கனகபாயும். செல்லசாமியிடம் நாங்கள் உள்ளதைச் சொல்லும் முன்பே ரேஷ்மி கனகபாயைக் கூப்பிட்டு, அமரவிளையிலிருந்து அனூஜுக்கு நல்ல ஒரு சம்பந்தம் வருகிறது என்று, எங்களிடம் கேட்டு வைத்த வீட்டு அடையாளத்தோடு சொல்லிவிட்டிருக்கிறாள்.

உட்காரச் சொன்னோம். விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும் என்று புஷ்பபாய் வாயைத் திறந்தாள். சுவாமிதாஸ் கையைக் காட்டித் தடுத்தார்.

"சேச்சி, முதல்ல நான் ஒரு காரியம் பறஞ்சிடுகேன். பொறவு நீங்க பேசுங்க."

கனகபாய் அவர் முழங்கையில் இடித்தாள். "அண்ணே, இப்பவே வேணுமா? முதல்ல பையனும் பெண்ணும் கண்டுகொள்ளட்டும்."

"பின்னால பறஞ்சா அது ஏமாத்தாக்கும்" என்றார் அவர். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "எனக்க மோன் நல்லவன். ஆனா பைசா அவன் கையில நிக்காது. கூட்டுகாரோட சேந்து ஒரு ஹோட்டல் தொடங்கினான். கடனாட்டு முடிஞ்சு. ரெண்டு வருஷம் முன்ன எனக்கப் பங்குல ஒரு பாகத்த வித்துத்தான் அத அடச்சேன். ஊருல யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்."

புஷ்பபாய் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. நாங்கள் ஊரெல்லாம் அலைந்து தேடியதை, கேட்காமலேயே, அதுவும் மகனுக்குப் பெண் பேச வந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்கிறான். தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தே சொல்கிறான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"கம்பெனியிலதான் பைசா கெடக்கே. நடத்துறது நீங்க. அதுல இருந்து கடனா எடுத்திருந்தா இந்த நஷ்டம் வந்திருக்காதே?"

சபையில் காணிக்கைப் பெட்டியைத் திறக்கச் சொன்ன மாதிரி அவர் அவளைப் பார்த்தார்.

"அது எனக்குள்ளது மட்டும் இல்லல்லா சேச்சி. நூறுக்கு மேல உள்ளத அம்பத்தெட்டுக்கு விக்கும்ப நெஞ்சு வலிச்சு. அதுக்காக மத்தவனுக்க பைசாவுல கைவைக்க முடியுமா?"

அதற்குமேல் மறைப்பது பாவம். புஷ்பபாய் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மோளே இல்லை, உள்ளது ஒரே மகன், அவனுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது என்றாள். சாயக்கடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கனகபாய் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். சுவாமிதாஸ் சிரிக்கவில்லை. நாலு வருஷமாட்டு பெண்ணு பாக்கேன் சேச்சி என்று மட்டும் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் புஷ்பபாய் விடுகிறவளா? வந்த ஆளை அப்படியே அனுப்பிவிட அவளுக்கு மனசில்லை. சரி, நான் வாங்கலாமா, நீங்களே சொல்லுங்கள் என்று நேராகக் கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியோடு அவர் வேறு ஆளாகிவிட்டார். முதுகு நிமிர்ந்தது.

"அத நான் பறயப்பிடாது. இந்த வீட்டுல இருந்து பறஞ்சா உங்களுக்கு மட்டும் பறஞ்சதாகும். ஆண்டுக் கூட்டத்துக்கு வாங்க. எல்லாருக்க முன்னால கேளுங்க, எல்லாருக்க முன்னால சொல்லுகேன்."

உங்களுக்குப் பிறகு யார் நடத்துவார்கள் என்று அவள் கேட்டாள். அனூஜ் இல்லை, வெளியில் ஓர் ஆளைத் தேடுகிறோம் என்று போன வருஷ அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது, வாசித்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். வாசித்தேன், ஆள் கிடைத்தாரா என்றாள் இவள். கிடைத்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுவோம் என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அந்த ஒரு இடம் மட்டும் எங்களுக்கு இருட்டாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

சாயா குடித்து முடித்து எழுந்தார்கள். மேசைமேல் அல்வாப் பொதி. சம்பந்தம் இல்லையென்று ஆனபிறகு அதை வைத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று அவர் ஒரு நொடி நின்றதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். கனகபாய் கண்ணைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி பொதியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டியதும் புஷ்பபாய் கையைத் தட்டினாள்.

"பாத்தியா சரசம்மா, கொண்டுவந்த அல்வாவத் திருப்பிக் கொண்டுபோறான். இவனை நம்பிப் பைசா போடலாம்."

முழுவதையும் போட வேண்டாம் என்று நான் சொன்னேன். அதை அவளே முடிவு செய்திருந்தாள். மூன்றில் ஒரு பங்கு செறுவிளைக்கு, மீதி பாங்கில் வைப்பு. செறுவிளைக்குப் போகிற பணம் பத்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணமாக இருக்க வேண்டும், ஏனென்றால் விற்க நினைக்கிற அன்றைக்கு வாங்க ஆள் இருக்குமா என்று தெரியாது. அதை அவள் இரண்டு தடவை சொன்னாள், எனக்கல்ல, தனக்கே.

திங்கட்கிழமை காலை சந்தை திறக்கும் முன்னாலேயே நான் அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர்கூட விடவில்லை. அறுபத்துநாலு ரூபாய் என்று விலை எழுதி அவள் ஆர்டர் போட்டாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. விற்கிறவனே இல்லை. ஒருவன் மட்டும் அறுபத்தாறு கேட்டுக்கொண்டு நின்றான். இரண்டு ரூபாய்தானே, ஏற்றிக் கொடு என்று நான் பறந்தேன். அவள் அசையவில்லை. வேண்டுமென்றால் அவன் இறங்கி வரட்டும் என்றாள். பிரசவ வார்டில்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்ததில்லை.

அந்த நேரத்தில் எபின் கூப்பிட்டான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பிளாட்காரர்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நடுவில் பேசப் பார்த்தான், அவள் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் அவன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்விதான். இத்தனை வருஷமாக அந்தப் பங்கு தள்ளுபடியில்தான் கிடக்கிறது, அந்த இடைவெளி எப்போது அடையும் என்று நீ நினைக்கிறாய் அம்மா?

"அடையாண்டாம் மக்கா. நான் வாங்கித் தீருறது வரைக்கும் அது அப்படியே கெடக்கட்டும்."

பிறகு, செரி அம்மா, ஒனக்க பைசா என்றான். பிளாட்காரர்களிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அதைத் துடைக்க நேரமில்லை. போனின் உச்சியில் ஒரு வரி எட்டிப்பார்த்தது. யாரோ ஒருவர் அறுபத்துநாலுக்கே பதினேழு பங்கு விற்றிருந்தார்.

"எபின், வை மக்கா, வை. பதினேழு கிடச்சு. பொறவு கூப்பிடுகேன்."

அவன் வைக்கும் முன்பே இவள் வைத்துவிட்டாள்.